பிந்தி வந்த வயலின்

இருபது வருடத்துக்கு முன்னால், திருக்கடையூரில் ஓர் அறுபதாம் கல்யாணத்தில் நடந்தது இது. குவைத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு, ஒரு லேப்டாப்பும் சவுண்ட் கார்டுமாகப் பாபநாசத்துக்குத் திரும்பியிருந்தேன். உள்ளூர் மெல்லிசைக் குழுவில் சவுண்ட் வேலை. வயலினைக் கம்ப்யூட்டர் வழியாக விட்டு, எதிரொலி சேர்த்து, சினிமா ரெக்கார்டிங் போலக் கேட்க வைப்பேன். தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்!

சடங்கு முடிந்து மண்டபத்தில் பகல் கச்சேரி. அறுபது கண்டவரின் மகன் சிங்கப்பூர்க்காரர். அங்கே பொங்கல் விழாவுக்கு அழைத்துப் போக அன்றைக்கே ஆள் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். எங்கள் வயலின்காரப் பெண் அந்த நம்பிக்கையில் பாஸ்போர்ட்கூட எடுத்துவிட்டார்.

காலை ஒத்திகையில் அவர், "அண்ணே, வில்லை இழுத்தப்புறம்தான் சத்தம் வருது. கொஞ்சம் பாருங்க" என்றார்.

"குவைத்துல வாங்குன பொருள்மா. நீங்க தாளத்தைக் கவனிங்க" என்றேன், எல்லோர் முன்னாலும். தபலாக்காரர் சிரித்தார்.

முதல் பாட்டிலேயே வயலின் பிந்தியது. அவர் முந்தி வாசித்துச் சரிக்கட்டப் பார்த்தார்; இன்னும் குளறியது. தபலாக்காரர் திரும்பி முறைத்தார். முன்வரிசையில் சிங்கப்பூர்க்காரர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ முணுமுணுத்தார். அந்தப் பெண்ணின் முகம் வெளிறிவிட்டது.

பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேசும் இடைவெளியில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு வயலின் மைக்கை விரலால் தட்டிப் பார்த்தேன். விரலை எடுத்த பிறகுதான் காதில் 'டக்' என்றது.

முந்தின நாள் கரகரவென்று சத்தம் வருகிறதே என்று லேப்டாப்பில் பஃபர் என்ற அளவைக் கூட்டி வைத்தவன் நான்தான். கூட்டினால் கரகரப்பு போகும். ஆனால் கம்ப்யூட்டர் சத்தத்தைச் சற்றுப் பிடித்து வைத்துத்தான் வெளியே விடும். குறைத்தால் மறுபடி கரகரக்கும். அறிவிப்பாளர் பேச்சை முடித்துக்கொண்டிருந்தார். வயலின் ஒயரைப் பிடுங்கி நேரே மிக்ஸரில் செருகினேன். எதிரொலி போயிற்று. அடுத்த பாட்டில் வயலின் தபலாவோடு கச்சிதமாகச் சேர்ந்து ஓடியது.

கச்சேரி முடிந்ததும் சிங்கப்பூர்க்காரர், "வயலின் நல்லாத்தாங்க இருந்துச்சு. ஆனா முதல் பாட்டுல தாளம் நிக்கலையே" என்று இழுத்தார். அந்தப் பெண் தலை நிமிராமல் வில்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிங்கப்பூர் போக எனக்கும் ஆசைதான். உண்மையைச் சொன்னால் அது போய்விடும்.

"அவங்க மேல தப்பில்லைங்க. என் பெட்டிதான் லேட்டு" என்றேன். ஒயரை மறுபடி லேப்டாப்பில் செருகி, ஹெட்போனைச் சிங்கப்பூர்க்காரரிடம் கொடுத்து மைக்கைத் தட்டச் சொன்னேன். இரண்டு தடவை தட்டினார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அந்தப் பெண் சிங்கப்பூர் போனார். சவுண்டுக்கு அங்கேயே ஆள் இருக்கிறது என்று என்னை விட்டுவிட்டார்கள். வருத்தம் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் இன்றைக்கும் யாராவது "சத்தம் பின்னாடி வருதுண்ணே" என்றால், வாய் திறப்பதற்கு முன் என் விரல் மைக்குக்குப் போய்விடுகிறது. அன்று காலையிலேயே போயிருந்தால், அத்தனை பேர் முன்னால் அந்த ஒரு பாட்டை அந்தப் பெண் கூனிக்குறுகி வாசித்திருக்க வேண்டாம்.