வெயில் படாத மணிக்கட்டு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகன் குளித்துவிட்டு ஈரத்தலையோடு சாப்பிட உட்கார்ந்தான். பிளஸ் ஒன் படிக்கிறான். சோற்றைப் பிசைய வலது கையை நீட்டினபோதுதான் பார்த்தேன். மணிக்கட்டைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைத் தடம். மற்ற இடமெல்லாம் கிரிக்கெட் ஆடி ஆடிக் கறுத்திருக்க, அந்த இடம் மட்டும் வெயிலே காணாமல் வெளுத்துக் கிடந்தது. எனக்குப் பகீரென்றது. குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த மனைவி, என்ன, உப்பு கூடிட்டா என்று கேட்டாள்.

ஒரு தடத்துக்கா இந்த மனுஷன் இப்படி ஆடிப்போனார் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் பையன்கள் கையில் கட்டும் கயிற்றுக்குக் கலர் உண்டு, கலருக்குச் சாதி உண்டு. பேர் கேட்டு, ஊர் கேட்டு, தெருவைக் கேட்டு மெனக்கெட வேண்டாம். கையைப் பார்த்தால் போதும். அந்த வயசில் நானும் கட்டியிருந்தேன். என்ன கலர் என்று மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் நம்ம ஊர்க்காரர் யாராயிருந்தாலும் அடுத்த நிமிஷமே என்னை ஒரு தெருவில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்.

சாப்பிட்டு அவன் படுத்த பிறகு அவன் ஸ்கூல் பையைத் திறந்தேன். செய்யக்கூடாதுதான், செய்தேன். ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் சுருட்டி வைத்திருந்தான். அதே கலர். உருவாஞ்சுருக்கு முடிச்சு. இழுத்தால் இறுகும், தள்ளினால் கழன்று வரும். என் கைக்குப் பழக்கமான முடிச்சு. எப்படி என்று பைய சொல்லுகிறேன். மூக்கில் வைத்துப் பார்த்தேன். வேர்வையும் சோப்பும் குங்குமமும் சேர்ந்து புழுங்கின ஒரு வாடை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலே இருக்கும் அந்த வாடையை மோந்து. கடைசியாக மோந்தது பாளையங்கோட்டையில், காலேஜ் சைக்கிள் ஸ்டாண்டில், ஒரு பிஸ்கட் டின்னுக்குள்.

டின் ஜெபசெல்வியுடையது. கெமிஸ்ட்ரியில் என் வகுப்பு, பாளையங்கோட்டைப் பிள்ளை. அவள் அம்மா வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பார். துணி வெட்டுகிற அந்தப் பெரிய கத்திரிக்கோலைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவாள். ஆள் என்னவோ நெத்திலிதான். ஆனால் பேச ஆரம்பித்தால் பிரின்சிபாலே எழுந்து நின்று கேட்பார். (மிகைப்படுத்தவில்லை. ஒரு தடவை நிஜமாகவே எழுந்துவிட்டார்.) காலேஜுக்குள் யாரும் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு வரக்கூடாது என்று அவரிடம் நாங்கள் பதினோரு பேர் மனுக் கொடுத்தோம். அதெல்லாம் தானாக வரணும்மா என்று சொல்லிக் கையைக் கழுவிவிட்டார். சரி, தானாகவே வர வைப்போம் என்று இவள் கத்திரிக்கோலைத் தூக்கிவிட்டாள். போஸ்டர் எழுதினோம், வகுப்பு வகுப்பாகப் போய்ப் பேசினோம். எங்களுக்குக் 'கத்திரிக்கோல் செட்' என்று பேர் வந்தது. போஸ்டர் எழுதுகிற வேலை எனக்கு. எழுத்து குண்டு குண்டாக இருக்கும், பிழையும் இருக்கும். ஜெபசெல்வி சிவப்பு மையால் திருத்தித்தான் ஒட்டுவாள்.

அவள் ஒரு விதி வைத்திருந்தாள். அவனவன் கயிற்றை அவனவனே அறுக்கக்கூடாது.

"நாமளே அறுத்தா சாயங்காலம் நாமளே கட்டிக்கிடுவோம். யாரு ஊரு ஒனக்கு ஆகாதோ, அந்த ஊர்க்காரன்ட்ட கைய நீட்டு. அவன் அறுக்கட்டும்."

எனக்கு ஆகாத ஊர் என்றால் அது முத்துக்குமாருடைய ஊர். களக்காடு போகிற வழியில் எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு வாழைத்தோப்பும் ஓடைப்பாலமும்தான். ஆனால் பஸ் ஸ்டாப் வேறு, குளம் வேறு, சுடுகாடு வேறு. எங்கள் ஊர் கொஞ்சம் கை ஓங்கின ஊர். பஸ்ஸில் பின் சீட்டு முழுக்க எங்களுக்கு. அவன் ஊர்ப் பையன்கள் சீட்டு காலியாகக் கிடந்தாலும் முன்னால் நின்றுகொண்டுதான் வருவார்கள். பள்ளிக்கூடக் காலமெல்லாம் ஒரே பஸ்ஸில் போய்வந்தும் அவனும் நானும் ஒரு வார்த்தை பேசினதில்லை. காலேஜ் லேபில் ஒரே மேஜை போட்டார்கள், பேசித்தான் ஆகவேண்டும் என்று ஆயிற்று. பேசின பிறகுதான் தெரிந்தது, அவன் என்னைவிட மோசமாக சினிமாப் பைத்தியம். அதற்குப் பிறகு எங்களைப் பிரிக்க முடியவில்லை, காலேஜ் கேட்டுக்குள் இருக்கும்வரை.

பொங்கல் லீவு முடிந்து வந்த திங்கட்கிழமை சைக்கிள் ஸ்டாண்ட் வேப்பமரத்தடியில் நான் கையை நீட்டினேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்தபோது எனக்குத் திக்கென்றது. லேபில் பிப்பெட்டும் பீக்கரும் கை மாறியிருக்கிறதே தவிர, அந்த ஊர்க்காரன் ஒருவன் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

"என்னலே, இப்படி வேர்க்கு? ஊசியா போடுதேன்?" என்று சிரித்துக்கொண்டே அறுத்தான். அவன் கயிற்றை நான் அறுத்தேன். இரண்டும் டின்னுக்குள் போயின. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். நான் ஏதோ ஊரையே திருத்திவிட்ட மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

என் வீரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் தாங்கியது. வெறுங்கையோடு எங்கள் தெருவுக்குள் நுழைய எனக்குத் தைரியம் வரவில்லை. அன்று சாயங்காலமே ஒரு கடையில் அதே கலரில் புதுக் கயிறு வாங்கினேன். வீட்டில் கன்றுக்குட்டிக்குப் போடுகிற உருவாஞ்சுருக்கைப் போட்டு மாட்டிக்கொண்டேன். காலையில் பஸ் மேலப்பாளையம் தாண்டினதும் கழற்றிப் பைக்குள் போடுவேன், சாயங்காலம் அதே இடத்தில் மாட்டுவேன். செட்டில் யாருக்கும் தெரியாது. முத்துக்குமாருக்கு மட்டும் தெரியும், ஒரே பஸ் அல்லவா. முன்னால் நின்றுகொண்டிருப்பான், கண்ணில் படாமலா இருந்திருக்கும்? ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு மாசம் போயிருக்கும். அவன் எங்கள் ஊர்க்காரன் ஒருவனுடைய கயிற்றை அறுத்துவிட்டான் என்கிற பேச்சு எப்படியோ ஊருக்குப் போய்விட்டது. 'நீட்டினான், அறுத்தான்' என்று போகவில்லை. 'பிடித்து அறுத்தான்' என்று போயிருக்கிறது. ஒரு சாயங்காலம் பத்தமடை தாண்டினதும் எங்கள் தெரு அண்ணன் ஒருவன் பின் சீட்டிலிருந்து எழுந்து முன்னால் போனான். கூட நாலு பேர். முத்துக்குமாரின் சட்டையைப் பிடித்து, யார் கயிற்றை அறுத்தே, சொல்லு என்று கேட்டார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. அந்த அண்ணன் என் பக்கம் திரும்பினான்.

"ஏலே, நீயும் இவனும்தான ஒரே கிளாஸு. ஒன் கயிறா?"

நான்தான் கையை நீட்டினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கும் நாலு அடி விழுந்திருக்கும், அவ்வளவுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து நின்று, சட்டைக் கையை மேலே இழுத்து, பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கையைத் தூக்கிக் காட்டினேன்.

"என் கயிறு இங்கன இருக்கு."

முத்துக்குமார் திரும்பிப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான், அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். ஓடைப்பாலத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி அவனை இறக்கினார்கள். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் கிளம்பியது. நான் உள்ளேயே இருந்தேன்.

அவன் வலது மணிக்கட்டை உடைத்துவிட்டிருந்தார்கள், கத்திரிக்கோல் பிடித்த கை என்று. அடித்தது யாரென்று போலீஸ் விசாரித்தபோது பஸ்ஸில் வந்த ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை.

கேவலம் இதோடு நிற்கவில்லை. மூன்றாம் நாள் ஜெபசெல்வி காலேஜ் வாசலில் எல்லாரையும் தரையில் உட்கார வைத்தாள். அடித்தவர்களைப் பிடிக்கும்வரை வகுப்புக்குப் போக மாட்டோம் என்று மறியல். முன்னூறு பேராவது இருந்திருப்போம். அதில் தொண்டை கிழியக் கோஷம் போட்டவன் நான். தடம் தெரியக்கூடாது என்று அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டுவரை பட்டனும் மாட்டியிருந்தவனும் நான் ஒருவன்தான். பக்கத்தில் இருந்தவர்கள், முத்துக்குமாரின் உயிர்த் தோழன் என்று என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். ஒருவரும் பிடிபடவில்லை. பரீட்சைக்கு அவன் வரவில்லை. பம்பாய்க்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அப்புறம் கோடை விடுமுறை. இரண்டு மாசம் கயிற்றோடு வயலில் கிடந்தேன். ஜூனில் காலேஜ் திறந்ததும் சைக்கிள் ஸ்டாண்டில் செட் கூடியது. எப்படி எல்லாரையும் திரும்பக் கூட்டுவது என்று பேச்சு. ஒரு போஸ்டர் எழுத வசதியாக இருக்கட்டும் என்று, புத்தி கெட்டுப்போய், சட்டைக் கையை மடக்கினேன். ஜெபசெல்வி பேசிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். ஒவ்வொருவர் கையாகப் பார்த்தாள். எல்லார் மணிக்கட்டும் வெயில் பட்டு ஒரே நிறமாகிவிட்டிருந்தது.

"ஒனக்கு மட்டும் ஏன் தடம் மாறலை?"

வாட்ச் கட்டின தடம் என்றேன். வலது கையிலா என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு மெதுவாகத்தான் சொன்னாள், கோபமாகக்கூட இல்லை.

"அன்னைக்கு நீ பஸ்ல வரலைன்னுல்லா முத்துக்குமார் சொன்னான். ஆஸ்பத்திரில மூணு தடவ கேட்டேன். மூணு தடவையும் நீ வரலைன்னே சொன்னான்."

கை உடைந்து படுத்திருந்தவன், என்னைப் பஸ்ஸிலிருந்தே இறக்கிவிட்டிருக்கிறான். அவள் கத்திரிக்கோலைப் பேப்பரில் சுற்றினாள். டின்னை எடுத்து சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு செட் கூடவே இல்லை. கூட்டத்துக்குள்ளேயே ஒருவன் கட்டிக்கொண்டு இருந்தான் என்றால் வெளியில் யாரிடம் போய்க் கையை நீட்டு என்று சொல்வது? இப்போது ஏரல் பக்கம் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள் என்று கேள்வி. நம்பர் விசாரித்தால் கிடைக்கும். விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சாயங்காலம் மகன் எழுந்ததும் கயிற்றை அவன் முன்னால் வைத்தேன். முதலில் முறைத்தான். எல்லாரும்தாம்பா கட்டுதாங்க, பஸ்லயும் கிரவுண்டுலயும் கை வெறுமனே இருந்தா கேப்பாங்க, ஸ்கூல் கேட்ல கழத்திருவோம் என்றான். வீட்டுக்குள் வரும்போதும் கழற்றிவிடுவானாம், நான் திட்டுவேன் என்று. நான் திட்டவில்லை. ஜெபசெல்வியையும் டின்னையும் சொன்னேன். பஸ்ஸையும் சொன்னேன், கையைத் தூக்கிக் காட்டினதை விடாமல். அவன் அம்மாவுக்கே அதுநாள்வரை தெரியாத கதை. சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

பையன் ரொம்ப நேரம் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கயிற்றை எடுத்து மாட்டிக்கொண்டு, கையை நீட்டினான். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனைவியின் தையல் பெட்டியிலிருந்து கத்திரிக்கோலை எடுத்துவந்தேன். வெட்டப் போனவன் நிறுத்தினேன். நான் அறுக்கக்கூடாது, நீயும் அறுக்கக்கூடாது, அதுதான் விதி என்றேன்.

"சரிப்பா. யாரக் கூப்பிட?" என்று கேட்டான்.

போனை எடுத்தேன். எங்கள் காலனியில் பிளாட் போட்டு விற்றபோதே பார்த்துப் பார்த்துத்தான் விற்றார்கள், எல்லாம் நம்ம ஆட்கள். அவனுடைய சிநேகிதர்களைக் கேட்டேன், அவர்களும் நம்ம பையன்கள். நான் இருக்கிற வாட்ஸப் குரூப்பெல்லாம் கோயில் வரி, சங்கம், சொந்தக்காரர்கள். பேர் பேராகத் தள்ளிக்கொண்டே போனேன். ஆபீஸில் இருக்கிறார்கள் வேற்று ஆட்கள், குட்மார்னிங் சொல்லுகிற அளவுக்கு. கையை நீட்டுகிற அளவுக்கு ஒருவர்கூட இல்லை. அந்தக் காலத்தில் வேப்பமரத்தடியில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் பத்துப் பேர் ஓடி வருவார்கள், பத்தும் பத்து ஊர்.

மனைவி லைட்டைப் போட்டாள். பையன் கையை நீட்டினபடியே உட்கார்ந்திருந்தான். நான் இன்னும் போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.