வயிற்றுவலி இல்லை என்று பேச்சியம்மா சொன்ன நாள்

என்னைப் போலவே முத்தாலம்மனை நம்பி வாழும் சகோதரிகளுக்கு இதை எழுதுகிறேன். சொல்லக் கூசுகிற விஷயம்தான். கூச்சப்பட்டுச் சொல்லாமல் இருந்ததில்தான் ஒரு உயிர் போனது.

என் வீட்டுக்காரர் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். எழுபத்தொன்றாம் வருஷப் பாகிஸ்தான் சண்டையைக் கண்ணால் கண்டவர். எழுபத்தேழில் பென்ஷனோடு எங்கள் ஊர் எழுமலைக்குத் திரும்பினார். கப்பலூரில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. நாலே மாதத்தில் விட்டுவிட்டார். சாப்பிட உட்கார்ந்தால் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாண வீட்டில் வெடி போட்டால் சுவரோரம் போய்க் குந்திக்கொள்வார். கேட்டால் ஒன்றுமில்லை என்பார். அதற்கு மேல் என்ன கேட்பதென்று எனக்கும் தெரியவில்லை.

எண்பதாம் வருஷம் ஆடியில், அவரோடு பட்டாளத்தில் இருந்த ஒச்சப்பன் அண்ணன் பக்கத்து ஊரில் உயிரை மாய்த்துக்கொண்டார். வயிற்றுவலி தாங்காமல் செய்துவிட்டார் என்றார்கள். என் வீட்டுக்காரர் அந்தச் சாவுக்குப் போய்வந்து அழவில்லை. "அவன் தப்பிச்சுட்டான்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து தினமும் கோயிலுக்குப் போனேன். வேண்டிக்கொள்ள வார்த்தை வராது. தாயே, எனக்கு வழி தெரியவில்லை என்று அழுதுவிட்டு வருவேன். மூன்று மாதம் எதுவும் மாறவில்லை. அம்மன் காதில் விழவில்லையோ என்றுகூட நினைத்தேன்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, அவர் முகம் தெளிந்திருந்தது. டிரங்குப் பெட்டியைத் திறந்து பென்ஷன் புத்தகம், வீட்டுப் பத்திரம் எல்லாம் எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டினார். தன் மெடலைத் தம்பியிடம் கொடுக்கச் சொன்னார். சிரித்துக்கூடப் பேசினார். அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று நான் தேங்காய் உடைக்க ஓடினேன்.

கோயில் வாசலில் ஒச்சப்பன் அண்ணன் மனைவி பேச்சியம்மா நின்றாள். புருஷன் போன பிறகு வீட்டைவிட்டு வெளியே வராதவள். அன்று ஏன் வந்தாள் என்று அவளுக்கே தெரியாதாம். சந்தோஷமாக எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் வெளிறிவிட்டது.

"அக்கா, உடனே வீட்டுக்குப் போங்க. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் பெட்டியத் திறந்து காட்டுனாரு. வயித்துவலியெல்லாம் இல்லக்கா. சண்டையில செத்தவுக முகம் தெரியுதுன்னு அழுவாரு. வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு நான்தான் மறைச்சேன்."

தேங்காயைப் போட்டுவிட்டு இருவரும் ஓடினோம். அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். "இந்தா வாரேன்" என்றார். கையைப் பிடித்துக்கொண்டேன். அதுவரை கேட்கத் துணியாததைக் கேட்டேன்.

"செத்துப்போகணும்னு நினைக்கிறீகளா?"

மாட்டிய செருப்பைக் கழற்றினார். பிறகு, "ஆமா" என்றார். "பட்டாளத்துக்காரன் இதச் சொன்னா கோழைம்பாங்க." அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

அப்போதே பஸ் ஏறினோம். அவரை நடுவில் உட்காரவைத்து, நானும் பேச்சியம்மாவும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, மதுரைக்குக் கூட்டிப்போனோம். பெரியாஸ்பத்திரியில் மனநோய் டாக்டர் பொறுமையாகக் கேட்டார். இது கோழைத்தனம் இல்லை, வியாதி, வைத்தியம் உண்டு என்றார். அந்த வார்த்தையை என் வீட்டுக்காரர் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

தேற வெகுகாலம் ஆனது. இன்றும் சில நாள் தட்டு அப்படியே இருக்கும். இப்போது நான் கேட்கிறேன், அவரும் சொல்கிறார்.

பேச்சியம்மாவும் இதே அம்மனைத்தான் கும்பிட்டாள். என் எதிரே அவள் வந்ததுபோல, அவள் எதிரே ஏன் ஒருத்தியும் வரவில்லை? எனக்குத் தெரியாது. அவளைப் பார்க்கும்போதெல்லாம் அம்மனுக்கு நான் சொல்லும் நன்றி பாதியில் நின்றுவிடுகிறது.

சகோதரிகளே, அம்மனை நம்புங்கள். கும்பிட்டு எழுந்ததும் உங்கள் வீட்டுப் பட்டாளத்துக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வாய்விட்டுக் கேளுங்கள். ஆமாம் என்று சொன்னால், கையை விடாமல் பஸ் ஏறுங்கள்.