கம்பி கட்டிய வாய்க்கு ஒரு கீரை ஜூஸ்

என் வீட்டுக்காரர் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு லோடு கட்டிக்கொண்டிருந்தபோது, கயிற்றை இறுக்கும் கம்பு கை நழுவித் தெறித்து அவர் தாடையில் அடித்துவிட்டது. எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம் வாய் திறக்கக் கூடாது. கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஒரு சின்ன இடுக்கு இருக்கிறது. அதன் வழியே ஸ்ட்ராவில் எது இறங்குமோ அதுதான் சாப்பாடு.

ஓயாமல் பேசுகிற மனிதர். டிராக்டர் சத்தத்துக்கு மேல் அவர் சத்தம் கேட்கும். இப்போது சொல்ல வேண்டியதையெல்லாம் போனில் தட்டிக் காட்டினார்.

முதல் மூன்று வாரம் நான் கொடுத்ததெல்லாம் வெள்ளை. பால், அரிசிக் கஞ்சி, ஜவ்வரிசிக் கஞ்சி, மறுபடியும் பால். எல்லாவற்றிலும் சர்க்கரை. கரும்புக்காரர் வீட்டில் அதற்கா பஞ்சம்? நாளாக ஆக, டம்ளரைப் பார்த்தாலே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்தார்.

மூன்றாம் வாரக் கடைசியில் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். அறுபத்தாறு கிலோ இருந்தவர் ஐம்பத்தொன்பதுக்கு வந்துவிட்டார். "அடுத்த வெள்ளிக்கிழமை இதுக்கும் கீழ போச்சுன்னா, மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் ஆகணும்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இவர் அவசரமாகப் போனை எடுத்து, "குழாய் வேணாம்" என்று தட்டினார். அதையே மூன்று முறை தட்டினார். அவருடைய அப்பா கடைசி இருபது நாளும் மூக்கில் குழாயோடுதான் கிடந்தார். அதோடுதான் போனார். டாக்டரம்மாவுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும்.

நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். மாதா மாதம் ஊர்ப் பிள்ளைகளைத் தராசில் ஏற்றி எடை எழுதுவது என் வேலை. பிள்ளை இளைத்திருந்தால் அதன் அம்மாவை நான் போடும் சத்தம் ரோடு வரை கேட்கும். என் வீட்டில் ஒரு ஆள் ஏழு கிலோ இறங்கியதற்கு என்னை யார் சத்தம் போடுவது?

வெளியே வரும்போது நர்ஸ் பெண் ஒருத்திதான் சொன்னாள். "பழமும் கீரையும் சேத்து மிக்ஸியில அடிச்சுக் குடுங்கக்கா. ஸ்மூத்தின்னு போட்டா போன்லயே வரும்."

போட்டேன், வந்தது. அதில் ஒரு பெண் ஏதேதோ விதையும் பெயர் தெரியாத பழமும் போட்டுச் சிரித்துக்கொண்டே அடித்தாள். அதெல்லாம் நம் ஊரில் எங்கே போவது? பஸ் ஸ்டாண்டில், வெள்ளிமலை பஸ்ஸிலிருந்து கூடையோடு இறங்கிய ஒரு பெண்ணிடம் மலை வாழைப்பழம் வாங்கினேன். யாருக்கு என்று கேட்டாள், சொன்னேன். கூடையில் கைவிட்டு, நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து இரண்டு சேர்த்துப் போட்டாள். பப்பாளி எங்கள் கொல்லையிலேயே இருந்தது. வேலியில் கொடிப்பசலை படர்ந்து கிடந்தது.

மறுநாள் காலை பசலையை மஞ்சளும் உப்பும் கலந்த தண்ணீரில் அலசினேன். பழம், கீரை, ஊறவைத்துத் தோல் எடுத்த வேர்க்கடலை, கெட்டித் தயிர் எல்லாவற்றையும் ஜாரில் போட்டேன். மூடியைக் கையில் எடுத்தேன். மூட மனம் வரவில்லை.

கீரை வேகும் சட்டியை நாங்கள் மூட மாட்டோம். மூடினால் நிறம் செத்துக் கறுத்துப்போகும். அங்கன்வாடிக்கு வரும் புது மருமகள்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுப்பவளே நான்தான். நாற்பத்திரண்டு வயது வரை என் கை கீரைக்கு மூடி போட்டதில்லை. மூடியைப் பக்கத்தில் வைத்துவிட்டு மிக்ஸியை மூன்றில் திருப்பினேன்.

சுவர், காலண்டர், கேஸ் அடுப்பு, என் நெற்றி, ஒன்று பாக்கியில்லை. மாமியார் ஓடிவந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாடி இது! வூடு பூரா பூசிக்கினு கீற! பச்சக் கீரைய திங்க எம்புள்ள இன்னா மாடா?"

அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் வந்து நின்றார். அவர் தோள் குலுங்கியது. இழுப்பு வந்துவிட்டதோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. பிறகுதான் புரிந்தது, மனிதர் சிரிக்கிறார். உதடு விலகிக் கம்பி பளபளக்க, மூக்கால் சிரிக்கிறார்.

"சிரிக்காதீங்க, கம்பி வுட்டுடும்!" என்று கத்தினேன். அவர் கிட்டே வந்து, என் கன்னத்திலிருந்ததை விரலால் வழித்து, பல்லிடுக்கில் வைத்து உறிஞ்சினார். பிறகு ஜாரைக் காட்டினார்.

மிச்சத்தை மூடி போட்டு அடித்து, டீ வடிகட்டியில் வடித்தேன். அப்போதுதான் அந்தப் பச்சையைச் சரியாகப் பார்த்தேன். நெருப்பைப் பார்க்காத கீரைக்கு இப்படி ஒரு நிறம் இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. நட்டு இருபது நாளான நெல் வயலை டம்ளரில் ஊற்றியது போல இருந்தது. அவர் குடித்தார். தொண்டை மேலே ஏறி இறங்குவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று மலையிலிருந்து பஸ் ஏறி வந்த பழமும், வேலியில் சும்மா கிடந்த இலையும் அந்தச் சின்ன இடுக்கு வழியாக ஒரு மனிதனுக்குள் போகின்றன. எனக்குக் கைகூப்ப வேண்டும் போல இருந்தது.

அதன் பிறகு ஒரு நாளைக்கு நான்கு தடவை. ஒரு நாள் முருங்கை இலையை அதிகமாகப் போட்டுவிட்டேன். "வேப்பெண்ணெயா?" என்று தட்டிக் காட்டினார். ஆனாலும் டம்ளரைக் காலி செய்தார். மூன்றாம் நாள் மாமியாரே வேலியில் பசலை பறித்துக்கொண்டு வந்து, "இந்தா, மாட்டுக்கு" என்று என் முன்னால் போட்டார்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரித் தராசில் அவர் ஏறினார். எனக்குப் பார்க்கத் தைரியமில்லை. டாக்டரம்மாதான் படித்தார். "ஐம்பத்தொன்பது எழுநூறு."

எழுநூறு கிராம்! எத்தனை பிள்ளைகளுக்கு எழுதியிருக்கிறேன், ஒரு தடவையாவது இப்படி மலைத்து நின்றிருக்கிறேனா? இலை மனித உடம்பாகியிருந்தது. தின்றது உடம்பில் ஒட்டுகிறது என்று வாயால் சொல்கிறோம், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த எண்ணைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. "குழாய் வேண்டாம், இப்படியே குடுங்க" என்றார் டாக்டரம்மா.

அவர் தராசை விட்டு இறங்கினார். போனில் தட்டி என்னிடம் நீட்டினார். "நீ ஏறு."

விளையாட்டாக ஏறினேன். நாற்பத்தெட்டு. தராசு கெட்டுவிட்டது என்று நினைத்தேன், இறங்கி மறுபடி ஏறினேன். அதே நாற்பத்தெட்டு. நான் ஐம்பத்தாறு கிலோ ஆள். வாய் கட்டிக் கிடக்கிறவர் எதிரில் எனக்கு மென்று தின்ன முடியவில்லை. அவர் மிச்சம் வைத்ததைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வேன். அதை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை, யாருக்கும் தெரியாது என்றும் நினைத்திருந்தேன்.

அவர் இன்னொரு தடவை தட்டினார். இந்தத் தடவை போனை என்னிடம் காட்டாமல் டாக்டரம்மாவிடம் கொடுத்தார். டாக்டரம்மா அதைச் சத்தமாகவே படித்தார்.

"நாலு வாரமா ஒண்ணும் திங்காம கீறா. எனக்கு வெச்சிருந்த குழாய இவளுக்குப் போடுங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். நான் தராசின் மேல் நின்றபடியே அழுதேன்.