ஆளேற்றி, அரைச் சுற்று உருட்டி

திரை சுத்தமாக இருந்தது. மஞ்சக்குட்டைக்கு ஓடும் ஷேர் ஜீப் ஒன்றின் பின் ஆக்ஸில் ஷாஃப்ட்டை, ஏற்காடு பஜார் ஒர்க்‌ஷாப் வாசலில் அல்ட்ராசோனிக் கருவியால் சோதித்துக்கொண்டிருந்தேன். ஷாஃப்ட்டின் முனையில் கிரீஸ் தடவி, கருவியின் புரோபை வைத்தால் ஒலியலை உள்ளே போகும். விரிசலில் பட்டால் திரும்பி வந்து திரையில் முள்ளாக நிற்கும். முள் இல்லை.

ஜீப்பின் சொந்தக்காரர் வேலு, ஓட்டுவதும் அவர்தான். அவருடைய பங்காளியின் ஜீப்பில் இதே மாதிரி ஷாஃப்ட் மலை வளைவில் முறிந்துபோனது. யாருக்கும் அடியில்லை. அந்தப் பயத்தில்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"நல்லாருக்குதுங்களா சார்?"

"மிசின் ஒண்ணும் சொல்லலைங்க."

"சொல்லலைன்னா நல்லாருக்குதுன்னுதானுங்களே அர்த்தம்?"

அந்த அர்த்தத்தைச் சந்தேகப்படுவதுதான் என் தொழில். சரியாக ஒட்டாத இரண்டு உலோகப் பரப்புகளைத் தாண்டும்போது ஒலியலை என்ன ஆகிறது என்று சேலத்து ஆய்வுக்கூடத்தில் பல வருடம் கம்ப்யூட்டரில் மாடல் போட்டேன். விரிசலின் இரண்டு முகங்களுக்கு நடுவில் வரிசையாகச் சின்ன ஸ்பிரிங்குகள் இருப்பதாகக் கணக்கில் வைத்துக்கொள்வோம். முகங்கள் இறுகினால் ஸ்பிரிங் விறைக்கும், அலை கடந்து போய்விடும். தளர்ந்தால் அலை திரும்பும். இறுக மூடிய விரிசலும் முழு இரும்பும் திரையில் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஜீப்பின் எடையில் ஷாஃப்ட் லேசாக வளையும். சக்கரத்தை ஒட்டிய இடத்தில் மேல்பக்கம் நசுங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும். விரிசல் மேலே நின்றால் மூடிக்கொள்ளும், கீழே வந்தால் திறக்கும். காலி ஜீப்பில் அந்த வித்தியாசமும் குறைவு.

"வேலு, சீட்டு நிறைய ஆளை ஏத்துங்க" என்றேன்.

"ஆளு சேர்ந்தாத்தான் வண்டி எடுப்பேனுங்க. இன்னிக்கு எடுக்காத வண்டிக்கு ஆளு சேக்கறேன்" என்று சலித்துக்கொண்டே கூப்பிட்டார். பஜாரில் ஜீப்புக்குக் காத்திருந்தவர்கள் மூட்டைகளோடு ஏறி நெருக்கி உட்கார்ந்தார்கள். மறுபடி பார்த்தேன். முள் இல்லை.

"போலாமுங்களா?"

டயரின் உச்சியில் சாக்பீஸால் கோடு போட்டேன். "இந்தக் கோடு தரைக்கு வர்ற வரைக்கும் உருட்டி நிறுத்துங்க."

நிறுத்தினார். புரோபை வைத்தேன். ஷாஃப்ட் முனையிலிருந்து ஒரு சாண் ஆழத்தைக் காட்டும் இடத்தில் திரையில் முள் எழுந்து நின்றது. வேலுவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். அவர் பின்பக்கம் போய் கதவைத் திறந்தார்.

"எல்லாரும் எறங்கிக்குங்க."

கம்பு மூட்டை வைத்திருந்த அம்மாள் அசையவில்லை. "ஏனுங்க, ஏத்தறதும் எறக்கறதும் என்ன வெளயாட்டு? நாங்க ஊடு போய்ச் சேர வேண்டாமுங்களா?"

"ஊடு போய்ச் சேரத்தானுங்கக்கா எறங்கச் சொல்றேன்" என்றார் வேலு, மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு.

ஷாஃப்ட்டைக் கழற்றி, விரிசலுக்குள் இறங்கும் சிவப்புச் சாயம் விட்டுப் பார்த்தோம். சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சிவப்புக் கோடு ஓடியது.

இளம் இன்ஸ்பெக்டர்களுக்கு ஒன்று சொல்வேன். அன்றிலிருந்து என் ரிப்போர்ட்டில் 'குறை இல்லை' என்று எழுதியதில்லை. எவ்வளவு எடையில், சக்கரம் எந்த நிலையில் நின்றபோது குறை தெரியவில்லை என்று எழுதுகிறேன். வரி நீளமாகும். ஆகட்டும்.