இருபத்து நாலு தரம்

யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஜிம் நடத்தினேன். காலையில் ஒரு சிங்களக் கடற்படைக்காரன் வருவான். மணல் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு குந்தி எழும்புவான், ஓடுவான், திரும்பவும் தூக்குவான். மூச்சு வாங்கினாலும் நிற்கமாட்டான்.

"மூளை கழண்ட விசரன், ஒருநாள் செத்துப்போவான்" என்று கூட்டாளியிடம் சிரித்துச் சொன்னேன்.

அது காதில் விழ, அவன் மூட்டையை இறக்கினான். "நான் விசர் இல்ல அண்ணை" என்றான், தட்டுத்தடுமாறித் தமிழில். "என்ட சிநேகிதன் படகில செத்தது. இருபத்து நாலு வயசு. அவனுக்காக ஒவ்வொரு நாளும் இருபத்து நாலு தரம் தூக்குறது."

அவன் முகத்தைப் பார்க்க ஏலவில்லை. ஆயுதம் தூக்கி இயக்கத்துக்குப் போன என் தம்பியும் அந்த வருடம்தான் செத்திருந்தான். பத்தொன்பது வயது. ஆமிக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் நாங்கள் வீட்டில்கூட வாய்விட்டு அழவில்லை.

அடுத்த நாள் அவன் முடித்ததும் அந்த மூட்டையை நான் தூக்கினேன். பதினைந்தாவது தரம் எழும்பி முடித்ததும் முழங்கால் மடங்கியது. அவன் ஓடி வந்து மூட்டைக்கு அடியில் கை கொடுத்தான்.

"இன்னும் எத்தனை அண்ணை?"

"நாலு."

நாலையும் அவனே எண்ணினான். ஆருக்கென்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பொய்தான் சொல்லியிருப்பேன். என்னிடம் உண்மையைச் சொன்ன மனுசனுக்கு, அந்தப் பொய்யை மட்டும்தான் என்னால் கொடுத்திருக்க முடியும்.