மிளகு மூட்டையும் ஒரு கிரகத்துத் தண்ணீரும்

1. லட்டு

வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களை ஆராய்வது என் வேலை. தொலைநோக்கி விண்வெளியில் இருக்கும். அதன் டேட்டா மட்டும் கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடிக்கு வரும். கீழே என் கணவர் மணியின் மிளகுக் கடை. தும்மிக்கொண்டேதான் வானியல் பார்த்தேன்.

ஒரு மழைக்காலக் காலையில், ஒரு சின்னச் சிவப்பு நட்சத்திரத்துக்குக் குறுக்கே அதன் பாறைக் கிரகம் கடந்தபோது எடுத்த ஸ்பெக்ட்ரத்தை, அதாவது நிறம் நிறமாகப் பிரித்த ஒளிப் பதிவைத் திறந்தேன். நீராவியின் தடம் தெரிந்தது. அந்த மாதிரிக் கிரகங்களுக்குக் காற்று மண்டலம் உண்டா என்பதே இன்னும் தீராத கேள்வி. இதில் தண்ணீரா! மாடிப்படியில் நின்று கத்தினேன். மணி முழுதாகக் கேட்டால்தானே? மதியத்துக்குள் பஜார் முழுக்க அவர் கொடுத்த லட்டு போய்விட்டது.

2. ஈரம்

பெங்களூரிலிருந்து எங்கள் குழுத் தலைவர் கூப்பிட்டார்.

"மேடம், பேப்பரை உடனே அனுப்பிடுங்க. வேற டீம் முந்திட்டா போச்சு. உங்க கான்ட்ராக்ட்டும் அடுத்த மாசம் முடியுது, ஞாபகம் இருக்கில்ல?"

மறக்குமா? ஐம்பத்தாறு வயதில் எனக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

மறுநாள் சாப்பிட வந்த மணியின் முகம் தொங்கிக் கிடந்தது. ஒரு வியாபாரி சரக்கைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

"ஈரமாம்! மிளகு வெயில்ல நன்னா உணங்கினதாக்கும். மழையில சாக்குதான் நனைஞ்சது. சாக்கோரத்து மிளகை எடுத்து ஈரம் பாக்கற மீட்டர்ல போட்டா வேற என்ன காட்டும்? சாக்கைத் தனியா நோக்கணும்டீ."

கையிலெடுத்த சாதம் அப்படியே நின்றது. நான் நட்சத்திரத்தைத் தனியாகப் பார்த்தேனா? மேலோட்டமாகத்தான். குளிர்ந்த நட்சத்திரங்களின் கரும்புள்ளிகளிலும் நீராவி இருக்கும். இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. சந்தோஷத்தில் அதைக் கோட்டை விட்டிருந்தேன்.

3. தெரியலை

கிரகம் குறுக்கே வராத நேரத்து டேட்டாவை நாலு நாள் அலசினேன். புள்ளிகள் இருந்தன. நீராவி கிரகத்தினுடையதா, நட்சத்திரத்தினுடையதா என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது.

"சார், தெரியலைன்னுதான் எழுத முடியும்."

"தெரியலைன்னு எழுதினா யாரு மேடம் கான்ட்ராக்ட்டை நீட்டிப்பாங்க?"

நீட்டிக்கவில்லை. வெட்கமில்லாமல் மிளகு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். மணி குடையை எடுத்துக்கொண்டு போனார். லட்டு கொடுத்த கடைகளிலெல்லாம் ஏறி, "தண்ணி உறுதியில்லை. அவ மேல தப்பில்லை, என் வாய்தான் முந்திடுத்து" என்று சொல்லிவிட்டு நனைந்து வந்தார். அன்று அவர்மேல் வந்த பிரியம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

ஏழு மாதம் கழித்து அதே தலைவர் கூப்பிட்டார். "மேடம், இன்னொரு கிரகம். நீராவி மாதிரி தெரியுது. முதல்ல நட்சத்திரத்தைப் பார்த்துக் குடுங்களேன்." பிறகு ஓய்வு பெறும்வரை அதுவே என் வேலையாக இருந்தது.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். ஆசைப்பட்டது கண்ணில் பட்டால், முதலில் சாக்கைத் தனியாகப் பாருங்கள்.

அந்த முதல் கிரகத்தின் கேள்வி இன்னும் தீரவில்லை. எதிர்க்கடை சாயாக்காரர் இப்போதும் விடுவதில்லை.

"சேச்சி, தண்ணி கிட்டியோ?"

"இன்னும் இல்லை, சேட்டா."

"அப்போ அன்னிக்குத் தின்ன லட்டு?"

கடைக்குள்ளிருந்து மணியின் குரல் வரும்: "அது அட்வான்ஸ்!"