கேள்விக்குப் பிறகு ஒரு கற்கண்டு

ஆசிரியர்களுக்கான குறுவள மையத்தில் பயிற்சி என்றாலே எனக்கு ஒரு டீச்சரின் குரல்தான் முதலில் காதில் விழும். நசரத்பேட்டையில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஈராசிரியர் பள்ளி ஒன்றில் முதல் மூன்று வகுப்புகளும் அவர் பொறுப்பு. கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போனாலும் அதற்கு மேலே ஏறி நிற்கும் குரல் அது. சுற்றுவட்டாரத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பயிற்சிக்குக் கூடும் சனிக்கிழமைகளில், பயிற்றுநரான நான் மைக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்தபடியே, "எல்லாரும் கொஞ்சம் கேளுங்கப்பா" என்பார். கூடம் அடங்கிவிடும். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. கழனி வேலைக்குப் போன குடும்பத்தில் பிறந்து, தன் தெருவிலேயே முதலாவதாக டீச்சரானவர் அவர். குரலைத் தாழ்த்திப் பேச அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை, அவரும் கற்றுக்கொள்வதாக இல்லை.

எங்கள் பயிற்சியில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் டீச்சராக நின்று பாடம் நடத்துவார். மற்றவர்கள் கைப்பையை ஓரமாக வைத்துவிட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளாகத் தரையில் உட்கார வேண்டும். முட்டிவலிக்காரர்களுக்கு மட்டும் நாற்காலி. ஒரு சனிக்கிழமை அவர் முறை வந்தது. ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கல்லும் வைத்துக்கொண்டு, "இந்தக் கல்லத் தண்ணில போட்டா இன்னா ஆவும்?" என்று கேட்டார். கேட்ட மூச்சிலேயே "முழுகிடும்" என்றும் சொல்லிவிட்டார். "புரிஞ்சுதா?" என்றார். பிள்ளைகளாக இருந்த அத்தனை ஆசிரியர்களும் "புரிஞ்சுது டீச்சர்" என்று ராகம் போட்டார்கள். எங்கள் தொழிலைப் பிடித்த பெரிய வியாதியே இந்த ராகம்தான். கல் இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

"கேள்வியும் உங்களுது, பதிலும் உங்களுது. அப்புறம் பிள்ளைங்க எதுக்கு டீச்சர்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "கொழந்த பதில் தெரியாம முழிச்சிக்கினு நிக்கும்போது, நான் வாய மூடிக்கினு வேடிக்க பாக்கணுமா மேடம்? பாவம் இல்லையா அது?" என்றார். அதுவரை இந்தப் பழக்கத்தை நான் அவசரம் என்றுதான் நினைத்திருந்தேன். அவருக்கு அது இரக்கம். "தெரியாம நிக்கல, யோசிச்சிக்கிட்டு நிக்குதுன்னு வச்சுக்குங்களேன்" என்றேன். அவர் கையிலிருந்த கல்லை வாளியில் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

பள்ளிப் பார்வைக்காக அடுத்த முறை நசரத்பேட்டைக்குப் போனபோது, அவர் மேசை மேல் ஒரு டப்பா நிறையப் பனங்கற்கண்டு இருந்தது. தொண்டைக்கு என்று நினைத்தேன். பாடம் தொடங்கியதும்தான் விஷயம் விளங்கியது. ஒரு கேள்வி கேட்பார், உடனே ஒரு கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். அது கரைகிற வரை பேச்சு கிடையாது. "என் வாய் சொன்னா கேக்காது மேடம். அதான் அதுக்கு ஒரு வேல குடுத்துட்டேன்" என்றார். பயிற்சிக் கையேடு எழுதியவர்கள் யாருக்கும் இது தோன்றியிருக்காது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஆனால் அன்று அவர் முகத்தில் தெளிவில்லை. ஒன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி. பள்ளிக்கு வந்த நாளிலிருந்து வகுப்பில் வாயைத் திறந்ததில்லை. பக்கத்துக் குடோனில் பேக்கிங் வேலை பார்க்கும் அவள் அம்மா, டி.சி. வாங்க அன்று காலை வரப்போவதாகச் சொல்லியிருந்தார். "ஊட்ல ரேடியோ மாரி பேசறா டீச்சர். இங்க வந்தா ஊமையா குந்திக்கிறா. நீங்களும் வெளயாட உட்டுக்கினே கீறீங்க" என்பது அவர் புகார். "பள்ளிக்கூடத்துல ஒரு தல கொறையும், அது வேற கத மேடம். இந்தப் பொண்ணு இங்க ஒரு வார்த்த பேசாமயே போயிட்டான்னா எனக்கு மனசு ஆறாது" என்றார் டீச்சர்.

அன்றைய பாடம் பொருள்களை வகைப்படுத்துவது. புட்டி மூடி, கோலிக்குண்டு, தீப்பெட்டி, சட்டைப் பொத்தான், செங்கல் துண்டு என்று தரையில் ஒரு குவியல். சிறுமி தன் பங்கை எடுத்து இரண்டாகப் பிரித்து வைத்தாள். நிறத்திலும் அளவிலும் ஒன்றுக்கொன்று சேராத பொருள்கள் ஒரே பக்கத்தில் கிடந்தன. தப்பாக வைத்திருக்கிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். "ஏன் இப்டிப் பிரிச்சே?" என்று கேட்டுவிட்டு டீச்சர் கற்கண்டை வாயில் போட்டார். அந்த நேரம் பார்த்து அம்மா வாசலில் வந்து நின்றார். "டீச்சர், டி.சி..." என்று தொடங்கியவரை டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். சிறுமி அம்மாவைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். "சொல்லுடி" என்று அம்மா வாயெடுத்தார். டீச்சர் மறுபடியும் கையைக் காட்டினார். எனக்கே நாக்கு துறுதுறுத்தது. பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கியது.

"இதுங்கல்லாம் ஓடும்" என்றாள் சிறுமி. மூடியை நிமிர்த்தி வைத்து உருட்டிவிட்டாள். அது ஓடிப்போய் அவள் அம்மாவின் செருப்பில் முட்டி விழுந்தது. "இதுங்க ஓடாது. குந்திக்கினே இருக்கும்." எதிரில் இருந்த பையன், "பொத்தான் ஓடாது" என்றான். "ஓடும்டா, நிக்க வச்சு உட்டா ஓடும்" என்று அவள் சண்டைக்குப் போனாள். அதன் பிறகு யாராலும் அவளை நிறுத்த முடியவில்லை. டீச்சர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா மூடியைக் குனிந்து எடுத்து மகள் கையில் கொடுத்தார். "எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு டீச்சர். டி.சி. வேணாம். அவ இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சிறுமி இப்போது மூன்றாம் வகுப்பு. போன மாதம் பார்வைக்குப் போயிருந்தபோது, அவளிடம் நானே ஒரு கணக்குக் கேட்டேன். அவள் முகத்தைச் சுளித்து மேலே பார்த்தாள். எத்தனை வருடம் பயிற்சி கொடுத்து என்ன, எனக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறந்தேன்.

"இருங்க மேடம், நீங்களே சொல்லிடாதீங்க" என்றாள். "நான் யோசிச்சிக்கினு கீறேன்."